காங்கிரஸ் கூட்டணியா, கறுப்புணர்வு இயக்கமா?

நிறவெறி ஆட்சியை எதிர்க்கத் தென்னாப்பிரிக்கர்கள் இரண்டு வழிகளில் திரண்டார்கள். 1955இல், எல்லா இனத்தாருக்கும் சம உரிமை கேட்ட சுதந்திர சாசனத்தை நிறைவேற்றிய, ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் தலைமையிலான காங்கிரஸ் கூட்டணியில் ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர், வெள்ளையர் தனித்தனி அமைப்புகளாகவே கைகோத்தார்கள். ஆள்பலம் பெருகியது, ஆனால் அரசு போட்ட இனக்கோடுகள் உள்ளேயும் அப்படியே இருந்தன.

ஸ்டீவ் பிகோ முன்னின்ற கறுப்புணர்வு இயக்கம் அந்தக் கோடுகளையே அழித்தது. நிறத்தால் ஒடுக்கப்பட்ட எல்லாரும் கறுப்பர்தான் என்றது. இந்திய வம்சாவளியினரான சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி போன்றோர் கறுப்பராகவே சிறை சென்றார்கள். தாழ்வு மனப்பான்மையை உதறினால்தான் போராடும் தெம்பு வரும் என்பது பிகோவின் வாதம். ஜோகன்னஸ்பர்க் அருகே கறுப்பர் குடியிருப்பான சோவெட்டோவில் 1976இல் நடந்த மாணவர் எழுச்சியில் அந்தத் தெம்பு தெரிகிறது. போராட்டத்தை ஆதரித்த வெள்ளையர்களை இந்த இயக்கம் வெளியே நிறுத்தியது சரியா? அந்தக் கட்டத்தில் சரி என்றே சொல்வேன். அப்புறம் 1983இல் ஐக்கிய ஜனநாயக முன்னணி எல்லா இனத்தாரையும் சேர்த்தபோது, பழைய கூட்டணி வழிதான் அதிகம் பேரைத் திரட்டியது.