பாதியில் நின்ற கத்தியா, புதிய பட்டையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் கத்தி செய்யப் பழகுபவருக்கு இரும்புக்குப் பஞ்சமில்லை. லாரியிலிருந்து கழற்றிப் போட்ட ஸ்பிரிங் பட்டை சில வெள்ளிக்கே கிடைத்துவிடும். அதனாலேயே ஒன்றைப் பாதியில் விட்டு அடுத்ததைத் தொடங்குவது எளிதாகிவிடுகிறது. என் பட்டறையிலும் ஆரம்ப நாள்களில் ஸ்பிரிங் பட்டையில் வெட்டிய ஒரு கத்தி அலகு கிடந்தது. வடிவம் வந்து, இருபுறச் சரிவும் ஓரளவு அரைத்தாகிவிட்டது. உலைக்கு மட்டும் போகவில்லை. அதை முடிப்பதா, 1084 என்ற கார்பன் எஃகுப் பட்டை வாங்கிப் புதிதாகத் தொடங்குவதா என்று பார்த்து, பழையதையே முடித்தேன். மறுபடி கேட்டாலும் அதையே செய்வேன்.

செலவிலும் நேரத்திலும் பழையதே சிக்கனம் என்பது வெளிப்படை. புதிய பட்டையின் பலம், அது இன்ன எஃகு என்று தெரிவதுதான். 1084 என்றால் கார்பன் ஏறத்தாழ 0.84 விழுக்காடு, சூடாக்கும் முறையும் எளிது. ஸ்பிரிங் பட்டை 5160 என்ற ஸ்பிரிங் எஃகாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

ஆனால் தீர்ப்புச் சொல்வது ஒரே கேள்விதான்: பழைய அலகு உலையில் சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கப்பட்டுவிட்டதா? முக்காதது என்றால், ஸ்பிரிங் எஃகு இயல்பிலேயே ஓரளவு கடினம்தான் என்றாலும், முடிந்த கத்தி அளவுக்கு இருக்காது. அரம் கடிக்கும், பிடிக்கான துளைகளைச் சற்றுச் சிரமப்பட்டாவது துரப்பணத்தால் போடலாம், கோணலான சரிவைத் திருத்தலாம். கிரைண்டர் சூட்டில் ஓரம் நீலம் பாய்ந்திருந்தாலும் கெடுதல் இல்லை, உலை அதைச் சரிசெய்துவிடும். கடினமான அலகில் அதே நீலம் கூர்மையைக் காவு வாங்கிவிடும். கூர் ஓரத்தில் மட்டும் ஒரு மில்லிமீட்டர் தடிமன் மிஞ்சியிருக்க வேண்டும். அதைவிட மெலிந்தால் முக்கும்போது நெளியும் அல்லது விரிசல் விடும்.

எஃகின் பெயர் தெரியாத குறைக்கு, அதே பட்டையில் வெட்டி மிஞ்சிய துண்டு மருந்து. அந்தத் துண்டைக் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடாக்கி, அதற்கு மேலும் சற்று ஏற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் முக்க வேண்டும். அரம் கடிக்காமல் வழுக்கினால் கடினமாகிவிட்டது. பிறகு பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியில் சுற்றி உடைத்துப் பார்க்க வேண்டும். உடைந்த முகம் பட்டுப்போல் நுண்ணிய சாம்பல் நிறமாக இருந்தால் சூடு சரி. சர்க்கரைபோல் மணிமணியாகத் தெரிந்தால் சூடு மிகை. துண்டில் சரியாக வந்த சூட்டை அலகுக்கும் கொடுத்து எண்ணெயில் முக்கி, நொறுங்கும் தன்மை குறைய உடனே 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை வைத்து எடுத்தேன். புதிய பட்டையிலும் இந்தப் பயிற்சி வேண்டியதுதான். ஆனால் அதில் அந்தக் கட்டத்துக்குப் போவதற்குள் அரைக்கும் வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்.

முக்காத பழைய அலகையும் கைவிடச் சொல்லும் காரணம் ஒன்றே: விரிசல். பல ஆண்டு பாரம் சுமந்த ஸ்பிரிங்கில் மயிரிழைக் கீறல் ஒளிந்திருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் கோடு தெரிந்தால் யோசிக்காமல் புதிய பட்டையை வாங்குங்கள். துருப்பிடிக்காத எஃகில் நான் கை வைத்ததில்லை. அதற்கு வேண்டிய துல்லியமான சூட்டுக் கட்டுப்பாடு கரி உலைக்கு எட்டாது.

பிடிக்கு ரப்பர் மரம் எளிதாகக் கிடைக்கும். ஆனால் பதப்படுத்தாவிட்டால் நம் ஈரக் காற்றில் பூஞ்சையும் வண்டும் விடாது. நான் செங்கால் (chengal) என்ற உள்ளூர்க் கடின மரத்தின் பழைய துண்டைப் போட்டேன். கனம் அதிகம், செம்பனைத் தோட்டத்தில் புதர் வெட்டும் கத்திக்கு அந்தக் கனம் பொருந்துகிறது.