ஸ்க்ரிவெனர் 3: தமிழில் துப்பறியும் நாவல் எழுத உதவுமா?

நாவல் முழுவதையும் ஒரே வேர்ட் ஃபைலில் எழுதுகிறவர்களுக்கு 20வது அத்தியாயம் தாண்டினால் தலைவலி ஆரம்பிக்கும். மோதிரம் காணாமல் போனது எந்த அத்தியாயத்தில், சமையல்காரம்மா அதைப் பார்த்ததாகச் சொன்னது அதற்கு முன்பா பின்பா என்று தேடியே பாதி நாள் போய்விடும். ஸ்க்ரிவெனர் என்ற எழுத்து மென்பொருள் இந்தத் தலைவலிக்காகவே பிறந்தது. நாவல் எழுத முயன்றுகொண்டிருந்த கீத் பிளவுன்ட் தன் தேவைக்கு உருவாக்கி, 2007இல் மேக் கணினிக்கு வெளியிட்டார். விண்டோஸுக்கு மூன்றாம் பதிப்பு 2021இல்தான் வந்தது.

ஒவ்வொரு காட்சியும் தனித் துண்டு. இடது பக்கம் பைண்டர் என்ற பட்டியலில் அவை வரிசையாக நிற்கும். இழுத்து மேலே கீழே மாற்றலாம். கார்க்போர்டுக்குப் போனால் அதே காட்சிகள் அட்டைகளாகத் தெரியும். குற்றக்கதைக்கு இதைவிடப் பயன்படுவது கீவேர்டு. மோதிரம் வரும் எல்லாக் காட்சிக்கும் ‘தடயம்-மோதிரம்’ என்று கீவேர்டு போட்டு, அதைத் தேடி, தேடலை கலெக்‌ஷனாகச் சேமித்துவிட்டால், அந்தக் காட்சிகள் மட்டும் கோர்வையாகப் படிக்கக் கிடைக்கும். தடயம் 7வது காட்சியில் தலைகாட்டி 31வது காட்சி வரை காணாமல் போயிருந்தால் உடனே கண்ணில் படும். லேபிள் நிறத்தை யார் பார்வையில் கதை நகர்கிறது என்பதற்கு ஒதுக்குங்கள். எல்லாவற்றுக்கும் நிறம் கொடுக்கப் போனால் பைண்டர் திருவிழாக் கடைத்தெரு ஆகிவிடும்.

கீவேர்டு போடாமல் சொல்லை நேரடியாகத் தேடினால் தமிழ் காலை வாரும். ‘மோதிரம்’ என்று தேடினால் ‘மோதிரத்தை’ வராது. ‘மோதிர’ வரை மட்டும் அடித்துத் தேட வேண்டும். பாத்திரத்தின் பெயரை மாற்றும்போது இது இன்னும் மோசம். முருகனைச் செல்வம் ஆக்கினால் ‘முருகனை’ என்ற இடமெல்லாம் ‘செல்வத்தை’ ஆக வேண்டும்; சாதாரணத் தேடி-மாற்றும் வசதி அதைச் செய்யாது. ஒரே மாதிரி முடியும் பெயராகப் பார்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம். ‘முருக’ என்பதைத் தேடி ‘குமர’ என்று மாற்றினால் குமரன், குமரனை, குமரனோடு எல்லாம் சரியாக விழும். கதைக்குள் முருகப் பெருமான் கோயில் இருந்தால் அதுவும் குமரப் பெருமான் கோயிலாகும். அதில் பெரிய குற்றமில்லை.

தினசரி இலக்குப் பெட்டியிலும் ஒரு கணக்குக் கோளாறு. நவம்பர் மாதத்தில் 50,000 சொல் என்ற பழைய சவாலின்படி ஒரு நாளைக்கு 1,667 சொல். அது ஆங்கிலச் சொல்லுக்குப் போட்ட கணக்கு. ‘வந்துகொண்டிருந்தபோது’ நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று நான்கு சொல் ஆகும். தமிழில் எழுதுகிறவர் நாளைக்கு 1,000 வைத்தாலே நல்ல உழைப்பு. எழுத்து எண்ணிக்கையை இலக்காக வைக்கலாமே என்றால் அதுவும் ஏமாற்றும். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு.

எல்லோரும் திட்டுவது கம்பைல் பகுதியை. எழுதிய துண்டுகளை ஒரே நூலாகச் சேர்க்கும் இடம் அது. தயார்நிலை வடிவங்கள் தங்கள் ஆங்கில எழுத்துருவைத் திணிப்பதால், தமிழ் வேறு எழுத்துருவுக்குத் தாவி வரி இடைவெளி குலைந்து நிற்கும். கம்பைல் பெட்டியின் மேலே எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுங்கள். நிர்மலாவோ நோட்டோ செரிஃப் தமிழோ இருந்தால் போதும். உங்கள் எடிட்டர் அமைப்பே அப்படியே வர வேண்டுமென்றால் காட்சிகளுக்கு ‘ஆஸ்-ஈஸ்’ என்ற அமைப்பைக் கொடுங்கள். வரி இடைவெளி மிகவும் குறைந்தால் மேல் வரியின் கால்களும் கீழ் வரியின் கொம்புகளும் இடித்துக்கொள்ளும். அத்தியாயத் தலைப்பு ‘சாப்டர் ஒன்’ என்று ஆங்கிலத்தில் வரும். அங்கே டாலர் குறியோடு ‘டி’ (t) உள்ள குறிச்சொல்லை நீக்கி ‘என்’ (n) உள்ளதைப் போட்டு, முன்னால் இருக்கும் ‘சாப்டர்’ இடத்தில் ‘அத்தியாயம்’ என்று தட்டினால் ‘அத்தியாயம் 1’ ஆகும். நேராக பிடிஎஃப் எடுக்காமல் முதலில் வேர்ட் கோப்பாக எடுத்து, கண்ணால் ஒருமுறை ஓட்டிவிட்டு, அங்கிருந்து பிடிஎஃப் ஆக்குவது பத்திரம். விண்டோஸில் ஆங்கில எழுத்துப்பிழை சோதனையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கமெல்லாம் சிவப்புக் கோடு.

ஒரு புராஜெக்ட் என்பது உண்மையில் ஒரு ஃபோல்டர்; உள்ளே காட்சிக்கு ஒரு ஆர்டிஎஃப் என்ற வகை உரைக் கோப்பு. ஏதோ கெட்டுப்போய் அதை நோட்பேடில் திறந்தால் ‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் 2949 என்று எண் நிற்கும். பதற வேண்டாம், லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் தமிழாகத் தெரியும். இரண்டு கணினியில் வேலை செய்கிறவர்கள் ஒன்றில் மூடி, டிராப்பாக்ஸ் என்ற இணையச் சேமிப்பு அதை ஏற்றி முடித்த பிறகே மற்றதில் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரே காட்சிக்கு இரண்டு முரண் பிரதிகள் முளைக்கும். தானியங்கி பேக்கப் கடைசி ஐந்தை மட்டும் வைத்திருக்கும். அதை 25 ஆக்கி, ஜிப் செய்யச் சொல்லி, வேறொரு டிரைவுக்குத் திருப்புங்கள். காட்சியைத் திருத்துவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால் பழைய வடிவம் பக்கத்திலேயே இருக்கும்.

பெரிய குறை, ஆண்ட்ராய்டு செயலி கிடையாது. ஐபோன், ஐபேடுக்கு உண்டு, அதற்குத் தனிக் காசு. டிராப்பாக்ஸ் வழியாகத்தான் ஒத்திசையும். ஆண்ட்ராய்டுகாரர்களுக்கு ஒரு கொல்லைப்புற வழி இருக்கிறது. ஃபைல் மெனுவில் ‘சிங்க் வித் எக்ஸ்டர்னல் ஃபோல்டர்’ போய், காட்சிகளை வெறும் டெக்ஸ்ட் கோப்புகளாக டிராப்பாக்ஸில் இறக்குங்கள். பேருந்தில் ஃபோனில் திருத்தினால் வீட்டில் திறக்கும்போது உள்ளே வந்துவிடும். கோப்புப் பெயரின் முடிவில் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்ணை மட்டும் தொடாதீர்கள், அது போனால் எந்தக் காட்சி என்று ஸ்க்ரிவெனருக்குத் தெரியாது. சாய்வெழுத்து இந்த வழியில் காணாமல் போகும். தமிழில் அது பெரிய இழப்பில்லை.

விலை சுமார் 60 டாலர், ஒருமுறை கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. மேக்குக்கும் விண்டோஸுக்கும் தனித்தனி உரிமம். சிறுகதை மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பணத்தில் புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். காசு இடிக்கிறதென்றால் இலவசமான ஒய்ரைட்டர் இருக்கிறது. காட்சி காட்சியாகப் பிரிப்பதை அதுவும் செய்யும், முகம்தான் பழைய விண்டோஸ் காலத்து முகம்.

30 நாள் சோதனைக் காலம் நாட்காட்டி நாள் அல்ல, நீங்கள் திறக்கும் நாள் மட்டுமே கணக்கு. வாரம் இரண்டு நாள் திறந்தால் 15 வாரம் ஓடும். முதல் நாளே மூன்று காட்சியைப் போட்டு கம்பைல் செய்து பாருங்கள். தமிழ் அங்கே எப்படி வருகிறது என்று பார்த்த பிறகு 40 அத்தியாயத்தை உள்ளே கொண்டுபோகலாம்.