யூரோபாஸ் சிவி: எந்த வேலையைப் போடுவது, எதை விடுவது?

ஐரோப்பாவில் வேலைக்கு விண்ணப்பிக்கும் நம்மூர் செவிலியர்களும் பொறியாளர்களும் அதிகம் கேள்விப்படுவது யூரோபாஸ். வேலைக்கு அனுப்பும் சிவியை (தன்விவரக் குறிப்பு) இணையத்தில் தயாரிக்க ஐரோப்பிய ஆணையம் நடத்தும் சேவை, முற்றிலும் இலவசம். 2020 ஜூலையில் வந்த புதிய தளத்தில் உள்ள நல்ல ஏற்பாடு, நம் கணக்கில் சேமிக்கும் சுயவிவரமும் (ப்ரொஃபைல்) அனுப்பும் சிவியும் தனித்தனியாக இருப்பதுதான். சுயவிவரத்தில் பார்த்த வேலை அத்தனையையும் சேர்த்து வைக்கலாம். சிவி தயாரிக்கும்போது தேவையானதை மட்டும் டிக் செய்தால் போதும்.

பலர் சறுக்குவதும் இங்கேதான். எல்லாவற்றையும் டிக் செய்துவிடுகிறார்கள். இந்த வடிவமைப்பு ஒவ்வொரு வேலைக்கும் நிறைய இடம் எடுக்கும். ஐந்தாறு வேலை சேர்ந்தாலே மூன்றாம் பக்கத்துக்குப் போய்விடும். எதை வெட்டலாம் என்று கருவி சொல்லாது, நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

வார்டு செவிலியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் 3 வருடம், அதற்கு முன் கால் சென்டரில் 1 வருடம், படிக்கும்போது மருந்துக்கடையில் 2 மாதம். மருந்துக்கடையை விட்டுவிடலாம். கால் சென்டரையும் விட்டால் ஒரு வருட இடைவெளி விழும். அதனால் பதவி, நிறுவனம், தேதி மட்டும் போட்டு, பணி விவரத்தைக் காலியாக விடுங்கள். மிச்சமாகும் இடம் முழுக்க மருத்துவமனைக்கு. அங்கும் "நோயாளிகளைக் கவனித்தல்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "30 படுக்கை அறுவை சிகிச்சை வார்டு, இரவு ஷிஃப்ட், ஐவி மருந்து, ட்ரெஸ்ஸிங்" என்றால் வார்டே கண்முன் வரும்.

தேதிகளை அனுபவச் சான்றிதழோடு ஒப்பிட்டே நிரப்புங்கள். இந்திய நிறுவனங்களுக்கும் இதே சிவியை அனுப்புவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. பிஎஃப் பிடித்த வேலை யுஏஎன் (பிஎஃப் உறுப்பினரின் நிரந்தர எண்) கணக்கில் பதிவாகியிருக்கும், சிவியில் உள்ள தேதி முரண்பட்டால் தெரிந்துவிடலாம். சிவியில் ஒரு வேலையை விடுவது தவறில்லை. பின்னணிச் சரிபார்ப்புப் படிவம் எல்லா வேலையையும் கேட்டால் அங்கே மறைக்கவே கூடாது.

பிறந்த தேதி, பாலினம் போன்ற கட்டங்கள் கட்டாயமில்லை. அயர்லாந்துக்கு அவற்றையும் புகைப்படத்தையும் தவிர்ப்பதே வழக்கம்.

இறக்கிய பிடிஎஃப்பைப் பத்திரமாக வையுங்கள். சிவி விவரங்கள் தரவாக அதற்குள்ளேயே பொதிந்திருப்பதால், அதையே யூரோபாஸ் தளத்தில் மறுபடி ஏற்றித் திருத்தலாம். வேறு தளத்தில் அளவு குறைத்த பிரதியில் அந்தத் தரவு போய்விடலாம். மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைப்பது நல்லது.