பாரிஸில் பணம் எங்கே: இடுப்புப் பையா, தோள்பையா?

பாஸ்போர்ட்டுக்கும் பெரிய நோட்டுகளுக்கும் சட்டைக்குள் கட்டும் இடுப்புப் பைதான் சரி. மெட்ரோ 1-ஆம் தடத்தில், கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்குபவர் கைக்கு அது எட்டாது. ஆனால் காபிக்குக் காசு கொடுக்கச் சட்டையைத் தூக்கினால், பணம் இருக்குமிடத்தை நாமே ஊருக்குக் காட்டிய மாதிரி. கோடையில் வியர்வை வேறு.

குறுக்காக மாட்டும் தோள்பை எடுக்க வசதி. ஜிப்பை முன்பக்கம் வைத்து, மேலே ஒரு கை இருக்க வேண்டும். சிக்கலே அந்தக் கைதான். சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டருகே நூல் கட்ட ஒருவர் மணிக்கட்டைப் பிடிப்பார். லூவர் அருங்காட்சியகம் பக்கம் இன்னொருவர் பரீட்சை அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார். திருட்டு அந்த அட்டைக்கு அடியில் நடக்கும்.

என் வழக்கம்: அன்றைய செலவுக்கு 40 யூரோ தோள்பையில், மீதியெல்லாம் இடுப்பில்.