கட்டாயச் சந்தாவா, மனமுவந்த காணிக்கையா: அமெரிக்க யூத ஜெப ஆலயங்களின் வரவு செலவு

ஜெர்மனியில் தேவாலயங்களுக்கு வசூலிப்பதைப் போலவே, பல மாநிலங்களில் யூதச் சமூகங்களுக்கும் அரசே வரி வசூலித்துக் கொடுக்கிறது. அமெரிக்காவில் அந்த ஏற்பாடு இல்லை. யூதரின் வாராந்தர ஓய்வுநாளில் பணத்தைத் தொடுவது யூத நெறிக்குப் புறம்பானது என்பதால், வழிபாட்டின் நடுவே காணிக்கைத் தட்டை வரிசையாக அனுப்பும் வழக்கமும் அங்கே வேரூன்றவில்லை. ஆகவே ஆண்டு முழுவதற்குமான செலவை முன்கூட்டியே உறுப்பினர்களிடம் பெற்றாக வேண்டும். அதற்கு இன்று இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன.

முதலாவது, நிர்வாகக் குழு தொகையை நிர்ணயிக்கும் கட்டாயச் சந்தா. பல ஆலயங்களில் ஜூலையில் கணக்காண்டு தொடங்குவதையொட்டிக் கோடையிலேயே பில் வீட்டுக்கு வந்துவிடும். குடும்பத்துக்கு ஒரு தொகை, தனி நபருக்கு ஒன்று, மூத்தோருக்குக் குறைவாக ஒன்று என்று பிரித்திருப்பார்கள். ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு), யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நாள்) ஆகிய நாள்களுக்கான இருக்கைச் சீட்டும் பெரும்பாலும் இதனுடன் பிணைந்திருக்கும். இதன் வலிமை நிச்சயத்தன்மை. ரபியின் (யூத மதகுருவின்) சம்பளம், ஆசிரியர் ஊதியம், கட்டடப் பராமரிப்பு, காப்பீடு ஆகிய எவையும் வரவைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பவை அல்ல. பிட்ஸ்பர்க் நகரின் ஜெப ஆலயத்தில் 2018 அக்டோபர் 27 அன்று 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வாசலில் காவலரை நிறுத்தும் செலவும் பல ஆலயங்களில் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

அதன் குறையோ ஆழமானது. முழுத் தொகையைக் கட்ட இயலாத குடும்பம் சலுகை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். சில இடங்களில் வருமான விவரத்தையும் காட்ட வேண்டும். வேலையிழந்த ஒருவர், வாரந்தோறும் தம்முடன் ஒரே வரிசையில் அமர்ந்து தொழுபவர்களே உட்கார்ந்திருக்கும் குழுவின் முன் தம் வறுமையை எடுத்துச் சொல்ல நேர்கிறது. யாரையும் பணத்துக்காகத் திருப்பி அனுப்புவதில்லை என்று நிர்வாகிகள் உண்மையாகவே சொல்கிறார்கள். ஆனால் கேட்கக் கூசி வராமலேயே நின்றுவிட்டவர்கள் எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறுவதில்லை. என் பார்வையில், சந்தா முறைக்கு எதிரான மிக வலுவான வாதம் இதுவே.

இரண்டாவது வழியான மனமுவந்த காணிக்கை புதியதன்று. 1907இல் நியூயார்க்கில் ரபி ஸ்டீபன் வைஸ் தொடங்கிய சுதந்திர ஜெப ஆலயம், இருக்கைக்கு விலை வைப்பதையும் கட்டாயச் சந்தாவையும் அன்றே மறுத்தது. இக்காலத்தில் இம்முறையைப் பின்பற்றும் ஆலயங்கள் மொத்தச் செலவைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்து, கிடைக்கும் தொகையை எல்லோருக்கும் அறிவிக்கின்றன. உதாரணமாக, செலவு 6,00,000 டாலர், குடும்பங்கள் 200 என்று கொண்டால் குடும்பத்துக்கு 3,000 டாலர். அதை அறிந்த பின், தாம் தரப்போவது எவ்வளவு என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே எழுதித் தருகிறது, காரணம் கேட்பதில்லை. இவ்வாறு மாறிய ஆலயங்களை ஆராய்ந்து நியூயார்க்கின் யூதக் கூட்டமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கை, அஞ்சப்பட்டதுபோல் வருவாய் பொதுவாகச் சரிந்துவிடவில்லை என்று காட்டியது.

எனினும் இம்முறை தானாக நடப்பதன்று. எவரேனும் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும், வாக்களித்த தொகை வந்ததா என்று பார்க்க வேண்டும், கணக்கை ஒளிவுமறைவின்றி உறுப்பினர் முன் வைக்க வேண்டும். வரவில் பெரும்பங்கு நாலைந்து செல்வர்களிடமிருந்து வருமானால், அவர்களில் ஒருவர் ஊர் மாறிச் சென்றாலே அவ்வாண்டின் திட்டம் குலைந்துவிடும்.

சந்தா மட்டும் முழுச் செலவையும் ஈடுகட்டிவிடுகிறது என்று எண்ணுவதும் தவறு. பல ஆலயங்கள் யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் தனியே நன்கொடை வேண்டுகின்றன. அன்று எழுதுவதும் விலக்கு என்பதால் இருக்கைகளில் ஓர் அட்டை வைக்கப்பட்டிருக்கும். அதன் விளிம்பில் 180, 360, 1,800 என்று, உயிரைக் குறிக்கும் பதினெட்டின் மடங்குகளாகத் தொகைகள் அச்சிடப்பட்டிருப்பதுண்டு. தமக்கு இயன்ற தொகைக்குரிய துண்டை மடித்துக் கொடுத்துவிட்டால் போதும். பணம் பிறகு வரும்.

யூத வேதத்தில் இரண்டு முறைகளுக்கும் இடமுண்டு. யாத்திராகமத்தின் 30ஆம் அதிகாரம் செல்வனும் ஏழையும் ஒரே அரைச்சேக்கல் வெள்ளியைத் தரச் சொல்கிறது. 25ஆம் அதிகாரம் மனமுவந்து தருபவரிடம் மட்டும் காணிக்கை வாங்கச் சொல்கிறது. இஸ்ரவேலர் பாலைவனத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் அடிப்பாதங்கள் அந்தக் கட்டாய வெள்ளியால் வார்க்கப்பட்டன. ஆனால் அரைச்சேக்கல் ஏழைக்கும் எட்டக்கூடிய தொகை. இன்றைய சந்தா அத்தகையதன்று. இதனால்தான் நான் இரண்டாவது வழியின் பக்கம் நிற்கிறேன். ஆயினும் சில மாதச் செலவுக்கான இருப்பு இல்லாத ஆலயமும், கணக்கைத் திறந்து காட்டத் தயங்கும் நிர்வாகமும் உடனே மாறுவது ஆபத்து. அத்தகைய இடங்களில் சந்தாவை வைத்துக்கொண்டே, விண்ணப்பமும் விசாரணையும் இல்லாமல் குறைந்த தொகையைப் பில்லிலேயே குறித்துத் திருப்பி அனுப்பும் உரிமையை இந்த ஆண்டே உறுப்பினர்களுக்கு வழங்கிவிடலாம்.