முப்பது ஆம்பியரும் நான்கு முனைகளும்: என் ஃபிலமெண்ட் சோக், எட்டு ஆண்டுகள்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர் ஒருவர் அழைத்தார். தன் ஆம்ப்ளிஃபையருக்கு ஃபிலமெண்ட் சோக் என்ற கம்பிச்சுருள் வேண்டுமாம். “அண்ணா, நீங்கள் சொன்ன பத்தாம் நம்பர் எனாமல் கம்பியை வாங்கிவிட்டேன். வளைக்கவே முடியவில்லையே, இதையா சுற்றினீர்கள்?” என்றார். தவறு என்னுடையது. நான் இங்கே ஹூஸ்டனில் வாங்கியது அமெரிக்க அளவான ஏ.டபிள்யூ.ஜி. 10, அதன் விட்டம் 2.59 மில்லிமீட்டர். நம் ஊர்க் கடைகளில் பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கு. அதில் பத்தாம் நம்பர் 3.25 மில்லிமீட்டர். அவர் கேட்டிருக்க வேண்டியது 12, அதாவது 2.64 மில்லிமீட்டர். நம்பரை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் சொல்லியிருந்தால் அவருக்குக் காசு மிச்சமாகியிருக்கும்.

அடுத்து அவர் கேட்டார்: “சோக்கை நானே சுற்றலாமா, ஆயத்தமாகக் கிடைப்பதையே வாங்கிவிடலாமா?” அதற்கு முந்தைய இரவுதான் என் ஆம்ப்ளிஃபையரைக் கவிழ்த்துப் போட்டு நள்ளிரவு வரை பழுது பார்த்திருந்தேன். அந்தக் களைப்போடு சொன்ன பதிலில் நியாயம் குறைந்திருக்கலாம். அதனால் இங்கே முழுதாகவே எழுதுகிறேன்.

என்னுடையது இரண்டு 3-500 இசட் வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) கொண்ட, அவற்றின் கிரிட் என்ற கம்பி வலையை எர்த் செய்த அமைப்பு. சூடேறும் இழையான ஃபிலமெண்டே எலக்ட்ரான் உமிழும் கேத்தோடாகவும் இருப்பதால் டிரைவ் சிக்னல், அதாவது உள்ளே கொடுக்கும் ரேடியோ சிக்னல், நேராக அதற்குத்தான் போகிறது. இரண்டு வால்வுக்கும் சேர்த்து 5 வோல்ட்டில் ஏறத்தாழ 29 ஆம்பியர் வேண்டும். அந்த மின்னோட்டத்தைத் தடையில்லாமல் விட வேண்டும், ரேடியோ அலையை மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகவிடாமல் நிறுத்த வேண்டும். சோக்கின் வேலை அவ்வளவுதான்.

அந்த வேலையில் இது ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை. அரை அங்குல ஃபெரைட் (காந்தப் பீங்கான்) தண்டின் மேல் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்து 14 சுற்று. ஃபெரைட் கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் இரண்டு துண்டு. அதனால் அரை அங்குல டிரில் பிட்டின் தண்டில் சுற்றினேன். கையை விட்டதும் தாமிரம் சற்றே விரிந்துகொடுக்கும். சுருளை அப்படியே ஃபெரைட்டின் மேல் நழுவ விட்டால் போதும். ஒரு கம்பியில் போகும் மின்னோட்டம் மற்றதில் திரும்பி வருவதால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இத்தனை ஆம்பியர் ஓடியும் ஃபெரைட் திணறுவதில்லை. ஒரு மணி நேரம் ஒலிபரப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்து, மின்தேக்கிகள் வடிந்தபின் சோக்கைத் தொட்டால் இளஞ்சூடுதான். இயற்பியல் இவ்வளவு அழகாகக் கைக்குள் அடங்கும் பொருள்கள் குறைவு. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

என் கோபமெல்லாம் அதன் நான்கு முனைகள் மேல்.

கட்டிய அன்று டிரான்ஸ்ஃபார்மர் முனையில் 5.15 வோல்ட், வால்வு சாக்கெட்டின் பின்களில் 4.95 வோல்ட். குறைந்த 0.20இல் சோக் தின்றது 0.18 வோல்ட், மீதி இணைப்புகளில். கணக்குக்குச் சரியாக இருந்தது. இந்த வால்வுக்கு 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். மனம் நிறைந்து மூடி போட்டுவிட்டேன். இந்தக் கோடையில் 80 மீட்டர் அலைவரிசையில் 1,100 வாட் வந்துகொண்டிருந்தது 900க்கு இறங்கியது. வால்வு வயதாகிவிட்டது என்றே நினைத்தேன். புதிய ஜோடிக்கு விலைகூட விசாரித்துவிட்டேன். நல்லவேளையாக, பணம் கட்டும் முன் மீட்டரை எடுத்துப் பின்களில் வைத்துப் பார்த்தேன். 4.6 வோல்ட்!

சோக்கின் இரு பக்கமும் அளந்தால் அதே 0.18. எஞ்சியதெல்லாம் லக்குகளில், அதாவது கம்பி நுனிகளை இணைக்கும் உலோகக் காதுகளில். ஒரே ஒரு லக்கில் மட்டும் 0.25 வோல்ட் விழுந்திருந்தது. 28 ஆம்பியரில் அது 7 வாட். நகத்தளவு இடத்தில் எந்நேரமும் 7 வாட் சூடு. ஈயம் கறுத்துப் பொடிந்திருந்தது. பல இழைக் கம்பிக்காகச் செய்த லக்கில் ஒற்றைத் தாமிரக் கம்பியை நசுக்கி வைத்திருந்தேன். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பிடி தளர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு லக்கின் உள்பக்கம் எனாமலை முழுதாகச் சுரண்டவில்லை. இந்த எனாமல் ஈயம் வைக்கும் சூட்டில் உரியாது. கத்தியால் செம்பு மின்னும்வரை சுரண்டியே ஆக வேண்டும். இன்னொன்று, இந்தத் தடிமனான கம்பி சாக்கெட்டை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. சாக்கெட்டின் ஒரு கவ்வி விரிந்துபோயிருந்தது.

லக்குகளை வெட்டி எறிந்துவிட்டு, கம்பி நுனியையே வளையமாக வளைத்துப் பித்தளைப் போல்ட்டில் இறுக்கினேன். சாக்கெட் பக்கம் சிறு தாமிரப் பின்னல் வைத்து ஈயம் ஊற்றினேன். இப்போது 4.93 வோல்ட். வாட் திரும்பிவிட்டது. ஆனால் அன்று முனைகளை ஒட்ட வெட்டியிருந்ததால் வளைக்க நீளம் இல்லை, இரு கம்பியிலும் ஒரு சுற்றைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பதினாலு பதின்மூன்றாகிவிட்டது. சுற்று குறைந்தால் தடுப்பும் குறையும், அதனால் அதிர்வெண் குறைந்த 160 மீட்டரில் முன்பைவிடக் கூடுதல் டிரைவ் கேட்கிறது. அங்கே ஏற்கெனவே விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தது. இது எனக்கு ஆறவே இல்லை.

நண்பரிடம், “வாங்கிவிடுங்கள், சுற்ற வேண்டாம்” என்று சொன்னேன். “வாங்கினாலும் அதே நான்கு முனை இருக்குமே அண்ணா?” என்று கேட்டார். இருக்கும். ஆனாலும் இந்த வாரம் என் பதில் அதுதான். என் பேச்சைக் கேட்காமல் சுற்றத்தான் போகிறீர்கள் என்றால், 12 எஸ்.டபிள்யூ.ஜி. வாங்குங்கள், ஒவ்வொரு முனையிலும் ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.