வெள்ளவத்தையில் ஒரு தாய்லாந்து மொழி வகுப்பு: எழுத்திலிருந்து தொடங்குகிறார்கள்

புறக்கோட்டையில் உடுப்புக் கடை வைத்திருக்கிற எங்களுக்கு பேங்கொக் புதிதில்லை. பிரதுநாம் சந்தையில் கல்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டியே கொள்வனவு முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. விற்கிற பெண்களோடு கதைக்கவேண்டும், கடைப் பலகையை நானே வாசிக்கவேண்டும் என்று ஆசை. அதனால்தான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் சனிக்கிழமை பின்னேரம் நடக்கும் இந்த வகுப்பில் சேர்ந்தேன். படிப்பிக்கிறவர் பேங்கொக்கில் பல வருடம் வேலைசெய்த தமிழ்ப் பெண்.

டீச்சர் முதல் நாளே ஆங்கில எழுத்தில் எழுதிப் படிப்பதை நிறுத்திவிட்டார். அதிலுள்ள 'ph'ஐ நம்பித்தான் நாங்கள் 'ஃபுகெட்' தீவுக்குப் போகிறோம். அந்த ஊர்க்காரர் வாயில் அது மூச்சோடு வெடிக்கிற 'ப'. எழுத்தைத் தெரிந்தால் இந்தக் குழப்பமே வராது.

மெய்யெழுத்துகள் 44. அதில் இரண்டு வழக்கொழிந்துவிட்டன. எண்ணிக்கையைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. பல்லவ எழுத்திலிருந்து கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாக வந்த எழுத்து அது, எங்கள் கைக்குப் பழகிய குணங்கள் நிறைய உண்டு. 'கெ'யில் கொம்பு முன்னால் நின்றாலும் ஒலி பின்னால்தானே வருகிறது? அங்கேயும் அப்படி முன்னால் நிற்கிற உயிர்க்குறிகள் ஐந்து. 'கொ' மாதிரி இரண்டு பக்கமும் அணைத்து நிற்கிறவையும் இருக்கின்றன. குறில் நெடில் மாறினால் பொருள் மாறும் என்பதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

உச்சரிப்புப் பாடம்தான் இந்த வகுப்பின் உயிர். வாய்க்கு முன்னால் டிஷ்யூவைப் பிடிக்கச் சொல்வார். 'பல்' என்கிறபோது தாள் அசையக்கூடாது, அது ஓர் எழுத்து. மூச்சு விட்டுச் சொன்னால் தாள் பறக்கவேண்டும், அது வேறு எழுத்து. 'பஸ்' என்பதில் வருகிற ஒலி மூன்றாவது. சொல்லின் முதலில் வரும் 'ங'வுக்கு டீச்சரின் வழி எனக்கு மிகவும் பிடித்தது: கடிதத்தின் கடைசியில் எழுதும் 'இங்ஙனம்' என்பதைச் சொல்லி, 'இங்'கை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்லவேண்டும். சொல் முடிவில் 'ப்', 'த்', 'க்' வந்தால் வாயை அடைத்து அங்கேயே நிறுத்தவேண்டும். நாங்கள் வழக்கம்போல 'உ' சேர்த்துவிடுவோம். "அக்கா, அந்த 'உ'வை விழுங்குங்கோ" என்று பொறுமையாகத் திருத்துவார்.

சுரத்தில்தான் வகுப்பு சறுக்குகிறது. சுரம் என்றால் சொல்லைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்குகிற விதம், அது மாறினால் பொருளும் மாறும். அப்படி ஐந்து. மெய்யெழுத்துகள் நடு, உயர், தாழ் என்று மூன்று வகை: 9, 11, 24. முதலாவது சுரக்குறி ஒன்றே நடு, உயர் எழுத்துகளின் மேல் நின்றால் தாழ்ந்த சுரம், தாழ் எழுத்தின் மேல் நின்றால் விழும் சுரம். குறி இல்லாவிட்டால், அசை எப்படி முடிகிறது என்று பார்க்கவேண்டும். இவ்வளவையும் ஒரே அட்டவணையில் எழுதிப்போட்டு அடுத்த பாடத்துக்குப் போனது நியாயமில்லை. வீட்டில் கேட்டுப் பழக ஒலிப்பதிவும் தருவதில்லை. காது பழகாமல் சுரம் வராது, இதை அவர்கள் கட்டாயம் திருத்தவேண்டும்.

இன்னொரு குறை: தருகிற போட்டோகொப்பியில் கிட்டத்தட்ட எல்லா எழுத்துக்கும் தலையில் அழகான சிறு வட்டம் இருக்கிறது. பேங்கொக் விளம்பரப் பலகைகளில் பெரும்பாலும் அந்த வட்டம் இல்லை. 'ர' ஒலிக்கான எழுத்து ஆங்கில 'எஸ்' போலவும் 'ந' ஒலிக்கானது 'யு' போலவும் நிற்கும். அதற்கு ஒரு பாடமாவது வேண்டும்.

கட்டணம் மாதாமாதம், சாதாரண ஏ.எல். டியூசன் அளவுதான். அடுத்த மாதம் சுற்றுலா போகிறவர்கள் நாலு வசனம் பாடமாக்கினால் போதும் என்றால் இது அவர்களுக்கான இடமில்லை. என்னைப்போல அடிக்கடி போய்வருகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். முதல் வகுப்புக்குக் காசு வாங்குவதில்லை, ஒற்றை றூள் கொப்பி ஒன்றை மட்டும் கொண்டுபோங்கோ.